சீனிக் கூம்பின் ஆறாவது உறை

ஐன் லூஸ் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய், "தேநீர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நல்ல பெயரோடு வெளியே வந்தவர் கிடையாது. அந்த ஊர்த் தேநீர் என்பது பெயருக்குத்தான் தேநீர். புதினாக் கட்டும் கொதிநீரும் போட்ட கூஜாவுக்குள், கல்லாக வார்த்த சீனிக் கூம்பிலிருந்து சுத்தியலால் தட்டிய முஷ்டியளவு கட்டி ஒன்று விழும். அதற்குப் பிறகு இன்னொன்றும் விழும், விருந்தாளி முகம் வாடியிருந்தால் மூன்றாவதும் விழும்.

அந்த ஊர் சுகாதார நிலையத்தின் நர்ஸ் கிஸ்லான், சீனியைக் குறைக்கச் சொல்லி இரண்டு வருஷமாக அங்கே வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு அக்கறை உனக்கு, லல்லா" என்று அம்மா என்கிற மரியாதைச் சொல்லோடு உருகி, நன்றிக் கடனாகச் சீனி கூட்டிப் போட்ட தேநீரைக் கொண்டுவந்து வைப்பாள். கிஸ்லான் அதைக் குடித்தாக வேண்டும். குடிக்காவிட்டால் அடுத்த தடவை கதவு திறக்காது.

அவளுடைய திட்டம் பெரிய திட்டமொன்றுமில்லை. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசல்வரை வந்து நிற்கிறது என்ற நிலையில் முப்பத்தெட்டுப் பெண்களைக் கண்டுபிடித்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் அவர்கள் ஒலிவச் செக்குச் சாலையில் ஒரு மணி நேரம் நடப்பார்கள். மாதம் ஒருமுறை விரல் குத்திப் பார்ப்பாள். அதற்கு வேண்டிய இரத்தச் சோதனை ஸ்ட்ரிப்புகளும், இந்த வேலைக்கென்று அவளுக்கு மற்றப் பணிகளிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் விடுப்பும், மாகாண அலுவலகம் தடுப்புக்கென்று ஒதுக்கிய சின்ன நிதியிலிருந்து வந்துகொண்டிருந்தன. அந்த நிதி இந்த ஆண்டோடு முடிகிறது.

நோய்க்கு இருக்கிற மரியாதை நோய் வராமல் இருப்பதற்கு எந்த அரசாங்கத்திலும் இல்லை. கால் அழுகி வந்தவனுக்குக் கட்டில் உண்டு, மருத்துவர் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. காலோடு நடந்து போகிறவனைக் காட்டி, "பாருங்கள், இவன் கால் அழுகவில்லை, இதற்குக் கொஞ்சம் பணம் கொடுங்கள்" என்று கேட்டால் அதிகாரி நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

கிஸ்லானின் தந்தை பேருந்து நடத்துனராக இருந்தவர். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால்வரை போயிற்று. ஐம்பத்திரண்டு வயதில் ஆளே போய்விட்டார். அவரைக் கவனிக்க ஆஸ்பத்திரியில் எல்லோரும் இருந்தார்கள். பதினைந்து வருஷம் முன்னால் வந்து, ஐயா என்கிற மரியாதையோடு, "ஸி, ஒரு கட்டி குறைச்சுக்குங்க" என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வரும்.

ஆகவே, நிதியைத் தொடரலாமா என்று பார்க்க வியாழக்கிழமை ஒரு மேற்பார்வையாளர் வருகிறார் என்று கடிதம் வந்தபோது அவள் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. அதில் பத்துக் கேள்விகள். ஒன்பதுக்கு அவளிடம் எண்கள் இருந்தன. பத்தாவது கேள்வி இது: "மக்களின் பழக்கத்தில் கண்ணால் காணக்கூடிய மாற்றம் உள்ளதா? ஆம் / இல்லை."

"கண்ணால எதைக் காட்டறது, பூஷ்தா?" என்று காவலாளியிடம் கேட்டாள். "வராத நோயை எந்தத் தட்டுல வெச்சுக் காட்டறது?"

பூஷ்தாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. சுகாதார நிலையத்துக்கு அவர்தான் காவலாளி, தோட்டக்காரர், செய்தித்தாள், வானொலி எல்லாம்.

"பொம்பளைங்களைக் கூப்பிடுங்க, லல்லா. முப்பத்தெட்டு பேரும் முற்றத்துல வந்து நின்னா அதைவிடக் கண்ணுக்கு என்ன வேணும்? நான் சொல்லிடறேன்."

"வரச் சொன்னா போதும். வேற ஒண்ணும் சொல்லி வைக்காதீங்க."

"நான் என்னிக்கு ஒண்ணுக்கு ரெண்டா சொல்லியிருக்கேன்?" என்றார் பூஷ்தா, நிஜமாகவே மனம் நொந்து.

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. ஸ்ட்ரிப் கொடுக்கிற புண்ணியவான் நேரிலேயே வருகிறார், அவர் மனசு குளிர்ந்தால் நடை தொடரும், குளிராவிட்டால் நர்ஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுதான் பூஷ்தா ஒண்ணுக்கு ஒண்ணாகச் சொன்ன செய்தி.

வியாழக்கிழமை காலை மேற்பார்வையாளர் அப்துல்முக்னி வந்து இறங்கினார். வற்றல் போல மெலிந்த உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத தொப்பை, கக்கத்தில் கோப்பு. மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். அவருக்கு நேர் எதிரே, மேசையை ஒட்டிய சுவரில், "சீனி: இனிப்பாக வரும் வினை" என்று கிஸ்லான் தன் கையால் எழுதி ஒட்டிய சுவரொட்டி இருந்தது. பூஷ்தா தேநீர் கொண்டுவந்தார்.

அதிகாரி ஒரு மடக்குக் குடித்தார். முகம் ஒரு நொடி கோணி, பதவிக்குரிய நிலைக்குத் திரும்பியது.

"சீனி போட மறந்துட்டீங்களா?"

"இங்க சீனி போடறதில்லீங்க, ஸி" என்றாள் கிஸ்லான்.

"ஓ. ஆமா ஆமா. சரிதான்." கோப்பையைக் கோப்புக்குப் பின்னால் நகர்த்தி வைத்தார். அது கடைசிவரை அங்கேயே ஆறிக் கிடந்தது.

அவள் எண்களைச் சொன்னாள். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தைந்து பேருக்கு இன்னும் நோய் வரவில்லை என்றாள். பலருக்கு எண் இறங்கியிருக்கிறது என்றாள். அவர் தலையாட்டினார்.

"எண் எல்லா ஊர்லயும் அழகா இருக்கும்மா. நான் போற இடமெல்லாம் எண் அழகாதான் இருக்கு. ஒரு ஊர்ல செத்தவங்ககூட நடைக்கு வந்ததா எழுதியிருந்தாங்க. எனக்குப் பத்தாவது கேள்விக்குப் பதில் வேணும். ஒரு இடத்துக்குத்தான் நிதி மிச்சம், கேக்கறது நாலு இடம்."

"பெண்கள் வராங்க, ஸி. நீங்களே கேளுங்க."

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. கிஸ்லான் நிம்மதியாக எழுந்து கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முன்னால் ஃபத்தூமா வந்துகொண்டிருந்தாள். நடைக் கூட்டத்துக்கு அவள்தான் தளபதி. அகலமான உடம்பு, அதைவிட அகலமான வாய். அவளுக்குப் பின்னால் முப்பது பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும், குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்து, ஜிகினாக் காகிதம் சுற்றிய ஒரு சீனிக் கூம்பு. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ.

குற்றம் சொல்ல முடியாது. பிள்ளை பிறந்தாலும், கல்யாணம் ஆனாலும், ஹஜ் முடித்து வந்தாலும், சாவு விழுந்தாலும் அந்த ஊரில் கையில் கூம்பில்லாமல் ஒருவர் வாசலை மிதிப்பதில்லை. உதவி செய்கிற மனிதர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். வெறுங்கையோடு வந்து நிற்க அவர்கள் என்ன வளர்ப்பு இல்லாதவர்களா?

"பிஸ்மில்லாஹ்!" என்று ஃபத்தூமா தன் கூம்பை அதிகாரிக்கு முன்னால் மேசைமேல் நங்கென்று வைத்தாள். "உங்க வாய் என்னிக்கும் இனிப்பா இருக்கட்டும், ஸி!"

ஒருவர் பின் ஒருவராக வைத்தார்கள். மேசை நிறைந்தது. நாற்காலி நிறைந்தது. எடை பார்க்கும் கருவியின்மேல் இரண்டு பேர் ஆளுக்கொரு கூம்பை நிறுத்த, அது நாலு கிலோ என்று நேர்மையாகக் காட்டியது. குவியலுக்கு மேலே சுவரொட்டியின் முதல் சொல் மட்டும் தெரிந்தது: சீனி.

அதிகாரி குவியலைப் பார்த்தார். சுவரொட்டியைப் பார்த்தார். கிஸ்லானைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திறந்தார்.

"மாற்றம் கண்ணுக்கு நல்லாவே தெரியுதும்மா" என்றார்.

கிஸ்லானுக்குக் காது மடல்வரை எரிந்தது. இரண்டு வருஷம் தொண்டை வற்றக் கத்தியது, மழையில் நடந்தது, விரல் விரலாகக் குத்தியது எல்லாம் அறுபது கிலோ சீனியாக வந்து அவள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டது. பூஷ்தாவைத் தேடினாள். அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தார். முந்தைய நாள்தான் மழை பெய்திருந்தது.

அதிகாரியின் பேனா பத்தாவது கேள்விக்குப் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் கடைசியாக வந்த இத்தோ, கூச்சம் நிறைந்த கிழவி, தன்னுடையதை வைக்க இடம் தேடி, குவியலின் உச்சியில் மெதுவாகச் சாத்தி வைத்தாள். குவியல் யோசித்தது. பிறகு சரிந்தது. இத்தோவின் கூம்பு உருண்டு வந்து அதிகாரியின் காலடியில் விழுந்து மஞ்சள் காகிதம் கிழிந்தது.

அவர் குனிந்து எடுத்தார். "இது என்ன, இவ்வளவு தடியா இருக்கு?"

கிழிசலுக்குள்ளே சீனி தெரியவில்லை. இன்னொரு காகிதம் தெரிந்தது. பச்சை. அதன்மேல் பென்சிலால் ஒரு பெயர்: தூதா.

கூம்பு வந்தால் கொடுத்தவர் பெயரைக் காகிதத்தின்மேல் எழுதி வைப்பது வழக்கம். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே. இது அதிகாரிக்கும் தெரியும், அவர் வீட்டிலும் அப்படித்தான். அதனால்தான் அவர் புருவம் உயர்ந்தது.

"தூதா யாரு?"

கூட்டத்தில் ஒருத்தி மெல்லக் கையைத் தூக்கினாள். "நான்தான்... என் கூம்புதான் அது. போன தடவை இத்தோ ஹஜ் முடிச்சு வந்தப்ப குடுத்தேன்." பிறகு இத்தோவின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, அதை உடைக்கவே இல்லியா நீ?"

இத்தோ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதிகாரி பச்சைக் காகிதத்தைப் பிரித்தார். உள்ளே ரோஜா நிறம். பெயர்: ரக்கூஷ்.

"அடி தூதா!" என்று மூலையிலிருந்து ஒரு குரல் எகிறியது. "உன் மவ கல்யாணத்துக்கு நான் சுமந்துட்டு வந்ததை ஹஜ்ஜுக்குத் தள்ளிவிட்டியா? ஹஜ் புண்ணியம் எனக்கா உனக்கா?"

"நீ மட்டும் கடையில வாங்கியா குடுத்தே? பிரிங்க ஸி, பிரிங்க, உள்ள என்ன இருக்குன்னு பார்த்துடலாம்!" என்றாள் தூதா.

அவர் பிரித்தார். வெள்ளி நிறம். பெயர்: ஃபத்தூமா.

ரக்கூஷ் வாயை மூடிக்கொண்டாள். ஃபத்தூமா வாயைத் திறந்தாள். "என் சொந்தப் பேரன் சுன்னத்து மாதிரி நினைச்சு உன் வீட்டு விசேஷத்துக்கு வந்தேன்! கூம்பைக் குடுக்கறப்ப என்ன சொன்னே? 'இன்னிக்கே உடைச்சு எல்லாருக்கும் டீ போட்டுடறேன்க்கா'ன்னியே!"

"டீ போட்டேன்க்கா. சீனிதான் போடலை" என்றாள் ரக்கூஷ்.

யாரோ ஒருத்தி கெக்கலித்துச் சிரித்தாள். அதிகாரி இப்போது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். வெள்ளிக் காகிதத்தையும் பிரித்தார். கடைசியாக ஒரு வெள்ளைக் காகிதம், ஓரம் பழுத்துப் போனது. எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"நர்ஸ் கிஸ்லான்."

ஊருக்கு உபதேசம் செய்தவள் ஊருக்கு முன்னால் நின்றாள்.

"என் மவளுக்குப் பிள்ளை பொறந்தப்ப குடுத்தது" என்று ஃபத்தூமா மெதுவாகச் சொன்னாள். அவள் குரல் இவ்வளவு தாழும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. "ரெண்டு வருஷம் முன்னால. இந்தம்மா வந்த புதுசு."

"வெறுங்கையோட எப்படிங்க போறது?" என்றாள் கிஸ்லான். அதிகாரி தலையாட்டினார். அவரே போன மாதம் மைத்துனர் வீட்டுக்கு நாலு கூம்பு தூக்கிக்கொண்டு போனவர்தான்.

ஆனால் சொல்லி முடித்த மறுகணமே கிஸ்லானுக்கு வேறொன்று பளிச்சென்று பட்டது. அவள் மேசைமேல் கிடந்த இன்னொரு கூம்பை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு உறை, ஒரு பெயர். இன்னொன்று. அதில் மூன்று உறை. அடுத்ததில் ஒரு கல்யாணத் தேதிகூட இருந்தது, ஒன்றரை வருஷப் பழசு.

"ஃபத்தூமாக்கா, உங்க வீட்டுல முன்னாடி ஒரு கூம்பு எத்தனை நாள் வரும்?"

"எங்க வரும்? வெள்ளிக்கிழமை உடைச்சா புதன்கிழமை கடைக்கு ஆள் அனுப்பணும். மருமக கையி அப்படி."

"இப்ப?"

ஃபத்தூமா யோசித்தாள். அவள் முகத்தில் திருடு பிடிபட்ட களை. "பரண்ல ஒன்பது கெடக்கு, லல்லா. உடைக்க ஆள் இல்லை. நீதான் பூச்சாண்டி காட்டி வெச்சிருக்கியே. தூக்கிப் போடவும் மனசு வரலை. அதான் யார் வீட்டு விசேஷம்னாலும் ஒண்ணைக் கழிச்சுடறது."

"என் வீட்டுல ஆறு" என்றாள் ரக்கூஷ்.

"எறும்புக்குப் பயந்து ஒண்ணை டப்பாவுல வெச்சிருக்கேன்" என்றாள் இத்தோ. அன்று அவள் பேசியது அது ஒன்றுதான்.

அதன்பிறகு யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்கள். ஊரில் பாதிக் கூம்புகள் இரண்டு வருஷமாக உடைபடாமல் தொட்டிலுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் துக்க வீட்டுக்குமாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் இப்படிக் கள்ளத்தனம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தன் கூம்பை உடைத்து மணக்க மணக்கக் குடித்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

கிஸ்லானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவர்கள் இத்தனை நாளும் அவள் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதைச் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று அவளிடமே மறைத்திருக்கிறார்கள். அவளுக்குச் சீனி கூட்டிப் போட்டுக் கொடுத்த தேநீர்கள் கூட, "நர்ஸ் வந்திருக்கா, நல்லதாப் போடு" என்று அவளுக்காக மட்டும் உடைத்த கட்டிகள்தான்.

அதிகாரி படிவத்தை எடுத்தார். பத்தாவது கேள்வியில் 'இல்லை'யின் பக்கத்தில் பாதி போட்டிருந்த கோட்டை அடித்தார். 'ஆம்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"நான் ஆம்னு எழுதுவேன். மேல இருக்கறவங்க என்ன செய்வாங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும், ஸி" என்றாள் ஃபத்தூமா, பழைய குரல் திரும்பிவிட்டது. "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. விரலை நீட்டுங்க."

"எனக்கெதுக்கு?"

"பயமா?"

முப்பத்தொரு பெண்களுக்கு முன்னால் பயம் என்று எந்த அதிகாரி சொல்வார்? விரலை நீட்டினார். கிஸ்லான் குத்தினாள். கருவி எண்ணைக் காட்டியது. அவள் அதை அவர் பக்கம் திருப்பி, சத்தமில்லாமல் காட்டினாள். எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்திருந்தது அந்த எண்.

"மெஷின் சரியா இருக்கா?" என்றார்.

"இருக்குங்க."

"இன்னொரு தடவை பாருங்களேன்."

இன்னொரு தடவையும் அதேதான் வந்தது. அவர் விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு எழுந்தார். கிளம்பும்போது இத்தோ, கிழிந்த உறைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பழையபடி சுற்றி, மேலே மஞ்சள் காகிதத்தைப் போட்டு, அந்தக் கூம்பை அவர் கையில் வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரும் அந்த நாட்டுக்காரர்தானே.

இரண்டு மாதம் ஒரு செய்தியும் இல்லை. டப்பாவில் ஸ்ட்ரிப்புகள் குறைந்துகொண்டே வந்தன. கிஸ்லான் மாதம் ஒருமுறை குத்துவதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாக்கினாள். நடையை மட்டும் விடவில்லை, நடைக்கு யாரிடமும் நிதி கேட்க வேண்டியதில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்குப் போய் நிற்பதையும் அவள் விடவில்லை. பூஷ்தா அவள் கண்ணில் படாமல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி இரண்டு ரோஜாச் செடி அழுகிப் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, நடை முடிந்து பெண்கள் முற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது மாகாண அலுவலக வண்டி வந்தது. ஓட்டுநர் ஒரு கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

கிஸ்லான் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தாள். மூன்று வருஷம் கேட்டிருந்தாள், ஒரு வருஷம் கொடுத்திருந்தார்கள். கேட்ட ஸ்ட்ரிப்பில் பாதி. ஆனாலும் கொடுத்திருந்தார்கள். அவள் கடிதத்தை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"கெடைச்சுதா இல்லியா? சொல்லேண்டி!" என்று ஃபத்தூமா கத்தினாள்.

"கெடைச்சுதுக்கா. ஒரு வருஷம்."

"ஒரு வருஷந்தானா? கஞ்சனுங்க. சரி, அடுத்த வருஷம் வரட்டும், பரண்ல இன்னும் ஏழு இருக்கு."

பொட்டலம் பழுப்புக் காகிதத்தில் சுற்றியிருந்தது. பழைய சுற்றறிக்கையின் பின்பக்கம். பிரித்தாள். உள்ளே மஞ்சள் காகிதம். அதன்மேல், வழக்கப்படி, கொடுத்தவர் பெயர் அதிகாரியின் கோணலான கையெழுத்தில்: "ஐன் லூஸ் பெண்கள்." அதற்குள் தூதா, ரக்கூஷ், ஃபத்தூமா, கிஸ்லான் எல்லோரும் அப்படியே இருந்தார்கள். அடியில் சீனிக் கம்பெனியே சுற்றி விற்ற நீலத் தாளையும் விலக்கினால், கூம்பின் முனை மட்டும் சின்னதாக உடைபட்டிருந்தது.

"எலியா?" என்றாள் ஃபத்தூமா, எட்டிப் பார்த்து.

பழுப்புக் காகிதத்தின் உட்பக்கத்தில் நாலு வரி இருந்தது. கிஸ்லான் படித்தாள்.

"முதல் வாரம் முனையை உடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு தொடவில்லை. மனைவி சாட்சி. அடுத்த மாதம் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, செவ்வாயன்று வருவேன். எனக்கு ஒரு ஸ்ட்ரிப் எடுத்து வையுங்கள். அப்துல்முக்னி."

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒலிவ மரத்துக் குருவிகள் எழும்பிப் போயின. கிஸ்லானும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பாவை நினைத்தாள். அவருக்கும் ஒரு முனையோடு நின்றிருக்கலாம், முழங்கால்வரை போயிருக்க வேண்டாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து, முப்பத்தெட்டுக்குக் கீழே முப்பத்தொன்பது என்று போட்டு அவர் பெயரை எழுதினாள்.

பிறகு, இத்தோவின் பேத்திக்கு நாளைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து ஜிகினாக் காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"லல்லா, நீங்களுமா?" என்றார் பூஷ்தா.

"வெறுங்கையோடவா போகச் சொல்றீங்க?" என்று சொல்லிக்கொண்டே அவள், பழுப்புக் காகிதம்வரை ஆறு உறையையும் பழையபடி சுற்றிவிட்டு, கூம்பின்மேல் ஏழாவது உறையைச் சுற்ற ஆரம்பித்தாள்.